வண்ணாரப்பேட்டையில் ரூம் போட்டு 4,200 ரூபாய் போச்சு: தனியாக வருகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

முந்தாநாள் ராத்திரி நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கையைப் பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கூட அவள் மாமியார் இருக்கிறார். நான் ஈரோட்டிலிருந்து தனியாக வருவதால், ரூம் போடும் ஆப் ஒன்றில், எம்.சி. ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் மூன்று நாளுக்குப் பதிவு செய்தேன். ஒரு நாளைக்கு 1,400. நேரில் வந்து பணம் கட்டினால் போதும் என்றுதான் போட்டிருந்தது.

பத்தே நிமிடத்தில் போன். "அக்கா, லாட்ஜிலிருந்து பேசுறேன்" என்றான். என் பெயர், தேதி, பதிவு எண் எல்லாவற்றையும் அவனே வாசித்தான். "தனியாவா வர்றீங்க? ரயில் லேட்டானாலும் பயப்படாதீங்கக்கா, வாட்ச்மேன்கிட்ட சொல்லி வைக்கிறேன். பணத்தை இப்பவே போட்டுட்டா ரூமை யாருக்கும் தரமாட்டோம்." தங்கைக்கு என்றைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்றுகூட விசாரித்தான். அந்த ஒரு கேள்வியில்தான் நான் விழுந்தேன். யூபிஐயில் லாட்ஜ் பெயர் வரவில்லை, யாரோ ஓர் ஆள் பெயர் வந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டும் 4,200 ரூபாய் அனுப்பினேன்.

சென்ட்ரலில் இறங்கும்போதே மணி 11 தாண்டிவிட்டது. ஆட்டோ பிடித்து அந்த விலாசத்துக்குப் போனால், சந்துக்குள் ஒரு துணி குடோன். ஷட்டரில் இரண்டு பூட்டு. லாட்ஜும் இல்லை, போர்டும் இல்லை. அவன் நம்பர் சுவிட்ச் ஆஃப். ஆட்டோ போய்விட்டது. பெட்டியை வைத்துக்கொண்டு அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன்.

எதிர் வீட்டு வாசலில் ஓர் அம்மா அலுமினியக் கூடை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சத்தம் போட்டார். "இன்னாமா, இந்நேரத்துல தனியா நிக்கிற? யாரு உன்னை இங்க வரச் சொன்னது?" விஷயத்தைச் சொன்னேன். இன்னும் திட்டினார். திட்டிக்கொண்டே என் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். ஒற்றை அறை, பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். "நான் மூணு மணிக்குக் காசிமேடு ஏலத்துக்குப் போயிடுவேன். என் பாயில நீ படு. உள்ள தாப்பாள் போட்டுக்கோ, நான் குரல் குடுத்தா மட்டும் தெற." மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கிறவர். ஐஸ் தண்ணியில் ஊறி வெடித்த விரல்களால் எனக்கு ஒரு சொம்பு சுக்குக் காப்பி கொடுத்தார். காலையில் 500 ரூபாயை நீட்டினேன். என் பைக்குள்ளேயே திரும்பத் திணித்து, "ஆஸ்பத்திரி செலவுக்கு வச்சுக்கோ கண்ணு" என்று ஆட்டோ ஏற்றிவிட்டார்.

சரி, அந்த ஆப்காரர்கள் என்ன செய்தார்கள்? முதலில் "உங்கள் புகார் பதிவாகியுள்ளது" என்று ஒரு செய்தி. அப்புறம் அரை மணி நேரம் பாட்டுக் கேட்டபடி போனில் காத்திருப்பு. ஒரு பெண் பேசினார், மேலதிகாரி கூப்பிடுவார் என்றார். கூப்பிடவில்லை. நேற்று சாயங்காலம் பதில்: "ஆப்புக்கு வெளியே பணம் செலுத்தியதால் நிறுவனம் பொறுப்பல்ல." என் பதிவு எண் அந்தத் திருடனுக்கு எப்படிப் போனது? இல்லாத லாட்ஜை ஆப்பில் ஏற்றியது யார்? இந்த இரண்டு கேள்விக்கும் பதிலே இல்லை. 4,200 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை. தங்கைக்குச் செலவுக்கென்று சேர்த்து எடுத்து வந்தது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், நேரம் இல்லை. ரூம் போட்ட பிறகு யார் போன் செய்து பணம் கேட்டாலும் போடாதீர்கள், பதிவு எண்ணைச் சரியாகச் சொன்னாலும் போடாதீர்கள். யூபிஐயில் ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ராத்திரி வண்டியில் வருகிறவர்கள் சென்ட்ரலிலேயே ரயில்வேயின் ஓய்வறை கிடைக்குமா என்று பாருங்கள், டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்துப் பதிவு செய்யலாம். பணம் போனால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், பணத்தை முடக்க வாய்ப்பு அப்போதுதான் அதிகம். நான் மறுநாள் காலையில்தான் அடித்தேன். ஆப் மேல் புகார் சொல்ல நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கு இன்னும் நான் பேசவில்லை.

வார்டிலிருந்து கூப்பிடுகிறார்கள், போகிறேன்.