என்சைம் பவுடர் எண்டு வீட்ட கொண்டு வாறவனிட்ட ஏமாந்திராதீங்க

மட்டக்களப்பில செங்கலடி, கரடியனாறு, வவுணதீவுப் பக்கம் புரொயிலர் வளக்கிற ஆக்கள் இதக் கொஞ்சம் வாசிங்க.

நான் 300 குஞ்சு போட்டு எட்டாம் நாள் பைக்கில ஒரு ஆள் வந்தாரு. கதையெல்லாம் நல்ல மரியாதை, "அண்ணன், என்சைமும் விட்டமின் டி3யும் சேந்த பவுடர், இதப் போட்டா கொம்பனித் தீன் அரைவாசி போதும், மிச்சத்துக்குத் தவிடு கலந்து குடுங்க, எல்லாத்தையும் செமிக்க வச்சிரும், கால் எலும்பும் இறுகி நிக்கும்" எண்டாரு. தீன் விக்கிற விலைக்கு ஆருக்குத்தான் ஆச வராது? 3 கிலோ 13,500 ரூபா குடுத்தன். ரசீது மறுகா கொண்டு வாறாராம். மனுசி அப்பவே சொன்னா, "பேரும் இல்ல திகதியும் இல்ல, பொலித்தீன் பையில ரப்பர் பேண்ட் போட்ட சாமானுக்கா இவ்வளவு காசு" எண்டு. என்ட காதில ஏறல்ல.

20ஆம் நாள் வெள்ளண கூட்டுக்குள்ள போனா குஞ்சுகள் குந்திக்கொண்டு கிடக்கு, தீன் தட்டுக்கு அரைஞ்சி அரைஞ்சி வருகுது. ஒண்டத் தூக்கி சொண்ட அமத்திப் பாத்தன், ரப்பர் மாதிரி வளையிது.

செத்த ரெண்டையும் பவுடரையும் மிருக வைத்தியர் ஒபிசுக்குக் கொண்டு போனன். டொக்டர் கால் எலும்ப வெளிய எடுத்து வளைச்சாரு, டக்கெண்டு முறிய வேண்டியது பச்சக் குச்சி மாதிரி வளைஞ்சித்து. ரிக்கெட்ஸாம், எலும்பு இறுகாமப் போற வருத்தம். மறுகா பவுடரில கொஞ்சம் வினாகிரி ஊத்தினாரு, சோடா மாதிரி நுரைச்சித்து. அவ்வளவும் சுண்ணாம்புக்கல் மா! தீனுக்குக் கலக்கிற நல்ல பவுடரிலயும் அது கொஞ்சம் இருக்குமாம், ஆனா இதில வேற ஒண்டும் இருக்கிற மாதிரித் தெரியல்ல எண்டாரு.

அவர் விளங்கப்படுத்தினது இதுதான்: தவிட்டில பொஸ்பரஸ் இருக்கு, ஆனா பைட்டேட் எண்ட சேர்வையாப் பூட்டிக் கிடக்கு, கோழிக்கு அதச் சரியா உடைக்க ஏலாது, அதத் திறக்கிறதுதான் பைட்டேஸ் எண்ட என்சைம். எலும்பு இறுகிறதுக்கு கல்சியம் ரெண்டு பங்கெண்டா கோழிக்குப் பிடிக்கிற பொஸ்பரஸ் ஒரு பங்கு வேணும். நான் கொம்பனித் தீனக் குறைச்சி டி3யையும் குறைச்சித்தன், மேல சுண்ணாம்பக் கொட்டிக் கல்சியத்தக் கூட்டி, இருந்த கொஞ்ச பொஸ்பரசையும் பிடிக்க விடாமப் பண்ணித்தன். முழுத்தீன் குடுத்தா இதெல்லாம் அதிலயே அளவாக் கிடக்குமாம், காசு குடுத்து நானே கெடுத்திருக்கன்.

டி3 தண்ணியில குடுத்து, முழுத்தீனுக்கு மாத்தினதில கனக்க எழும்பித்து, 80 சொச்சம் எழும்பவே இல்ல. 38ஆம் நாள் 2 கிலோ நிக்க வேண்டியது 1.3 கிலோ. அந்தாளுக்கு கோல் எடுத்தா "உங்கட தண்ணி சரியில்ல அண்ணன்" எண்டாரு, அதுக்குப் பிறகு போன் ஓஃப்.

என்சைம் வாங்கிறதெண்டா பக்கெட்டில கொம்பனிப் பேர், பேட்ச் நம்பர், முடியிற திகதி, ஒரு கிலோவில எத்தின யூனிட் என்சைம் எண்டு எழுதியிருக்கா எண்டு பாருங்க. கொம்பனித் தீனக் குறைக்கச் சொன்னா முதல்ல உங்கட மிருக வைத்தியர்ட்ட கேளுங்க. ஆள் இப்ப கொக்கட்டிச்சோலைப் பக்கம் திரியிறாராம்.

மிச்சம் முக்காக் கிலோ வீட்ட கிடக்கு. மனுசி வாற போற ஆக்களிட்டயெல்லாம் வெத்திலைக்குச் சுண்ணாம்பு வேணுமா எண்டு கேட்டுக்கொண்டு திரியிறா.