கல்வீட்டில் குளிர்காலம்: விறகா, பெல்லட்டா, எண்ணெயா, மின்சாரமா?

பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் வாரக் கணக்கில் வாடகைக்கு விடும் விடுமுறை வீட்டை ஜீத் என்பார்கள். ஆகஸ்டில் கைக்கு எட்டாத வாடகை கேட்கும் வீடு, ஜனவரியில் பல இடங்களில் பாதிக்கே கிடைக்கும். மிச்சம் பிடித்ததில் பெரும்பங்கை வீட்டைச் சூடாக்கும் செலவு விழுங்கிவிடலாம். அதனால் தோட்டத்துப் படம், நீச்சல்குளப் படம் எல்லாம் பிறகு. இந்த வீட்டை எது சூடாக்குகிறது, எப்போதிலிருந்து சூடாக்குகிறது? குளிர்காலத்தில் வீடு பிடிப்பவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஒப்பிட வசதியாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பிரான்சின் பெரிகோர் பக்கத்துப் பழைய கல்வீடு, 100 சதுர மீட்டர், 60 செ.மீ. தடிமன் சுவர், கூரைக்கு மட்டும் வெப்பக் காப்பு. வெளியே 2 டிகிரி, உள்ளே 19 டிகிரி வேண்டும். பயன்படுத்தாத அறைகளை மூடி வைத்தால் நாளொன்றுக்குச் சுமார் 100 யூனிட் வெப்பம் தேவைப்படும். நம் வீட்டு மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான்.

அந்த 100 யூனிட்டுக்கு ஆகும் செலவு, அண்மை ஆண்டுகளின் விலையில் ஏறக்குறைய இப்படி: காய்ந்த ஓக் விறகு 33 கிலோ, 7 யூரோ. பெல்லட், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகள், 25 கிலோ, 10 யூரோ. சூடேற்று எண்ணெய் 12 லிட்டர், 14 யூரோ. சாதாரண மின் ஹீட்டர், 20 யூரோ. வெளியிலிருக்கும் வெப்பத்தை இழுத்து உள்ளே தரும் ஹீட் பம்ப் இருந்தால் 40 யூனிட் மின்சாரமே போதும், 8 யூரோவில் முடியும்.

இதை மட்டும் பார்த்து விறகடுப்பு வீட்டைப் பிடித்தால், வார வாடகைக்காரர் ஏமாறுவார். காரணம் சுவர். அந்தக் கல்சுவர் சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் எடை. ஆள் இல்லாத வாரங்களில் உறைபனிக் காப்பு நிலையில், அதாவது 7 அல்லது 8 டிகிரியில், கிடக்கும் வீட்டில் அத்தனை கல்லும் குளிர்ந்து போயிருக்கும். அதைச் சூடேற்றவே 150 முதல் 200 யூனிட் கூடுதலாக வேண்டும். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சாவி வாங்கி அடுப்பு மூட்டினால், காற்று இரண்டு மணி நேரத்தில் சூடாகும், சுவர் திங்கட்கிழமைதான் சூடாகும். அதுவரை தெர்மாமீட்டர் 20 காட்டினாலும் உடம்பு நடுங்கும், ஏனென்றால் குளிர்ந்த சுவர் உடல் வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் தங்குபவருக்கு இரண்டு நாள் இப்படியே போய்விடும். இரண்டு வாரம் தங்கினால் இதே இழப்பு பதினான்கு நாளில் பரவிவிடுகிறது.

விறகு, பொறுமை உள்ளவருக்கு. பெரும் திறந்த கணப்பு படத்தில் அழகாக இருக்கும். ஆனால் விறகின் வெப்பத்தில் 10–15 சதவீதமே அறைக்கு வரும், மீதி புகைபோக்கி வழியே போய்விடும். கண்ணாடிக் கதவுள்ள இரும்படுப்பு 70–80 சதவீதம் தரும். விளம்பரத்தில் ‘கணப்பு உண்டு’ என்று மட்டும் இருந்தால் எந்த வகை என்று கேளுங்கள்.

விறகை ஸ்தேர் கணக்கில் விற்பார்கள். ஒரு மீட்டர் நீளக் கட்டைகளை அடுக்கி ஒரு கன மீட்டர் வந்தால் ஒரு ஸ்தேர். அதையே 50 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் இடைவெளி குறைந்து 0.8 கன மீட்டர் ஆகும், 33 செ.மீ. துண்டானால் 0.7. குவியல் சிறிதாகிவிட்டதே என்று சண்டைக்குப் போக வேண்டாம். நம் கணக்கு வீட்டுக்கு ஒரு ஸ்தேர் ஓக் இரண்டு வாரம் வரும்.

ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஓக்கைப் பிளந்து இரண்டு ஆண்டாவது கூரைக்குக் கீழே காய வைத்திருக்க வேண்டும். இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள்: ‘டங்’ என்று தெளிவாக ஒலித்தால் காய்ந்தது, ‘தொப்’ என்றால் பச்சை. பச்சை விறகு சீறும், கண்ணாடியைக் கறுப்பாக்கும், புகைபோக்கியில் தார் படியச் செய்யும். இரவு முழுக்கக் கனலட்டும் என்று காற்று வழியை அடைத்து வைப்பதாலும் அதே தார்தான் சேரும். அது பற்றிக்கொண்டால் புகைபோக்கியே எரியும். ஆண்டுக்கு ஒருமுறையாவது புகைபோக்கி துடைத்ததற்கான சான்றிதழ் உரிமையாளரிடம் இருக்க வேண்டும், கேட்பதில் தவறில்லை.

மூட்டும் முறை நம் ஊர் அடுப்புக்கு நேர்மாறு. பெரிய கட்டைகள் அடியில், சுள்ளிகள் மேலே, உச்சியில் தீமூட்டி. தீ மேலிருந்து கீழே இறங்கும்போது புகை சுடர் வழியாகப் போய் எரிந்துவிடும். அடுப்பு எரியும்போது சமையலறைப் புகை உறிஞ்சியை முழு வேகத்தில் ஓட்டினால், அது புகைபோக்கிப் புகையையும் வீட்டுக்குள் இழுக்கும். காற்று வரும் துவாரத்தில் குளிருக்குப் பயந்து துணி அடைப்பது அதைவிடக் கேடு: கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. புகை எச்சரிப்பான் 2015 முதல் பிரான்சில் எல்லா வீட்டிலும் கட்டாயம், ஆனால் அது கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்காது. அதற்கென உள்ள கருவி தனி, சிறியது, பெட்டியில் எடுத்துப் போகலாம்.

ஒரு வாரத்துக்கு என்றால் என் ஓட்டு பெல்லட் அடுப்புக்கு. 15 கிலோ மூட்டையைக் கொட்டி நேரத்தைக் குறித்துவிட்டால் காலை ஆறு மணிக்குத் தானே மூட்டிக்கொள்ளும். எரிதட்டில் இறுகிய கசடைத் தினமும் தட்டி எடுக்க வேண்டும். துளைகள் அடைத்தால் பற்றாமல் பிழைக் குறி காட்டி நிற்கும். ஈரத் தரையில் வைத்த மூட்டை தூளாகிவிடும், பெல்லட்டைத் தீக்குத் தள்ளும் திருகு அதில் சிக்கும். பலகை மேல் வையுங்கள். குறை ஒன்று உண்டு, அது சிறியதும் அல்ல: மின்சாரம் போனால் அடுப்பும் போகும். பனிக்காற்றில் மின்கம்பி அறுந்த இரவில், பக்கத்து வீட்டு விறகடுப்பைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதுதான்.

எண்ணெய்க் கொதிகலன் பெரிய குடும்பத்துக்கு ஏற்றது. எல்லா அறையும் ஒரே சூட்டில் இருக்கும். 2022 ஜூலை முதல் வழக்கமான எண்ணெய்க் கொதிகலனைப் புதிதாகப் பொருத்தத் தடை என்பதால் இப்போது இருப்பவை பெரும்பாலும் பழசு. தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதை முதல் நாளே பாருங்கள். வற்றினால் அடியிலுள்ள மண்டி வடிகட்டியை அடைக்கும், குழாயில் காற்று ஏறும், பிறகு ஆள் வந்துதான் ஓட்ட வேண்டும். பர்னர் நின்றால் சிவப்புப் பொத்தானை ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை அழுத்தலாம். அதற்கு மேல் வேண்டாம், எரியாத எண்ணெய் உள்ளே தேங்கும்.

மின் ஹீட்டர் மட்டுமே உள்ள வீடு, இருவர் தங்கும் சிறிய வீடாக இருந்தால் பரவாயில்லை. 6 கேவிஏ, அதாவது ஏறக்குறைய 6,000 வாட் தாங்கும் மின் இணைப்பில் 2,000 வாட் ஹீட்டர் மூன்று ஓடினாலே கணக்கு முடிந்தது. இரவுச் சலுகைக் கட்டண நேரம் தொடங்கியதும் 200 லிட்டர் வெந்நீர்த் தொட்டி தானாக ஓடத் தொடங்க, வீடே இருண்டுவிடும். இரண்டு ஹீட்டரை அணைத்துவிட்டு லிங்கி என்ற மின் மீட்டரின் கூட்டல் பொத்தானை அழுத்திப் பிடித்தால் திரும்பி வரும். தெம்போ என்ற, நாளுக்கு நாள் விலை மாறும் மின்கட்டணமா என்றும் கேளுங்கள். அதில் நவம்பர் முதல் மார்ச் வரை, கடுங்குளிரான வார நாட்களாகப் பார்த்து 22 ‘சிவப்பு நாட்கள்’ வரும். காலை 6 முதல் இரவு 10 வரை யூனிட் விலை சாதாரணக் கட்டணத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

சக்கரம் வைத்த பியூட்டேன் ஹீட்டரைச் சேர்க்கவே இல்லை. ஈரத்தை வீட்டுக்குள்ளேயே கக்கும் அதை மூடிய அறையில் யாரும் வைக்கக் கூடாது. சமையல் கேஸ் சிலிண்டர் வெளியில் இருந்தால் அதில் புரோப்பேன் இருக்க வேண்டும். பியூட்டேன் என்றால் உறைபனிக் காலையில் காபிக்குக்கூட அடுப்பு எரியாது.

இடத்தைப் பொறுத்துத் தேர்வு கொஞ்சம் மாறும். வடமேற்கிலுள்ள பிரெத்தாஞ் கடற்கரையில் உறைபனி குறைவு, ஈரம் அதிகம், மின்சாரமே தாங்கும். தென்கிழக்கில் துரோம் பக்கம் வெயில் உண்டு, ஆனால் மிஸ்த்ரல் என்ற குளிர்ந்த வடகாற்று கதவிடுக்கெல்லாம் நுழையும். 1968 ஜனவரியில் மைனஸ் 36.7 டிகிரி பதிவான மூத் ஊர் இருக்கும் ஜூரா மலைப்பக்கம் போகிறவர், இரண்டு வகைச் சூடேற்றம் இல்லாத வீட்டைத் தொட வேண்டாம்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, ‘நாளொன்றுக்கு 8 யூனிட் மின்சாரம் வாடகையில் அடக்கம்’ என்பது போன்ற வரி. அது விளக்குக்கும் சமையலுக்கும்தான் காணும், மீதி உங்கள் கணக்கு. மற்றொன்று, வீட்டை வெள்ளிக்கிழமையே 16 டிகிரிக்குக் கொண்டுவந்து வைப்பார்களா என்பது. எழுதியிராவிட்டால் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். சாவி வாங்கியதும் உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போதே மீட்டரையும் எண்ணெய்த் தொட்டி அளவையும் படமெடுத்துக்கொண்டால், கிளம்பும் நாளில் முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பது என்ற பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியும்.