சி 90, ஸ்பிளெண்டர், செரோ: கல்லு மலைப்பாதைக்கு எது?

யாழ்ப்பாணத்தில் மலை என்று பெயர் வைத்திருக்கும் கீரிமலையே கடற்கரையில்தான் இருக்கிறது. பாலங்களை விட்டால் ஏற்றம் என்று ஒன்றை நாங்கள் பெரிதாகப் பார்ப்பதில்லை. இருந்தும் தை, மாசியில் ஏ9 வீதியைப் பிடித்து மலைநாட்டுக்குப் போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அவர்கள் முதலில் கேட்பது இதுதான்: "வீட்டில நிக்கிற மோட்டச்சைக்கிளே காணுமா, இல்லாட்டி பெரிசு ஒண்டு எடுக்கவேணுமா அண்ணை?"

மூன்றையும் ஒரே பாதையில் பார்த்துவிட்டேன். ஹொண்டா சி 90 என்னுடையது. ஸ்பிளெண்டர் மச்சானுடையது. யமஹா செரோ 225 நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கியது. பாதை, பதுளை மாவட்டத்துக் கலுபஹனவில் இருந்து பம்பரகந்த நீர்வீழ்ச்சியைத் தாண்டி, உடவேரிய தோட்டம் வழியாக ஒஹியவுக்கு ஏறுவது. டெவில்ஸ் ஸ்ரெயர்கேஸ் என்று பெயர் எடுத்த வளைவுகள் அங்கேதான். உருண்டைக் கல்லு, மழை அரித்த வாய்க்கால், ஒரு பக்கம் தேயிலை, மற்றப் பக்கம் வெறும் பள்ளம்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியை இறக்கத்தை வைத்துத்தான் தெரிவு செய்ய வேண்டும். ஏற்றத்தில் இழுவை காணாவிட்டால் வண்டி நிற்கும், இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் பிரேக் காணாவிட்டால் அடுத்த வளைவு பார்த்துக்கொண்டிருக்காது.

சி 90ஐப் பற்றி எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, ஸ்ரார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல் விட்டு, மிச்சத்துக்கு மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரம் அது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் வாங்கிய நாட்களிலும் அதை வைத்திருந்தவர் அவ்வளவாகத் தவிக்கவில்லை. எடை 85 கிலோ அளவில்தான். வாய்க்காலுக்குள் விழுந்தால் ஒரு ஆளே தூக்கி நிமிர்த்தலாம், நான் தூக்கியிருக்கிறேன். கையில் பிடிக்கிற கிளச் கிடையாது, அது தானாகவே வேலை செய்யும். கல்லுக்கு மேல் தடுமாறும்போது அது பெரிய உதவி, வண்டி லேசில் நின்றுபோகாது.

ஆனால் அதே கிளச்தான் இறக்கத்தில் கவனிக்க வேண்டியதும். கியர் கட்டையை மிதித்து வைத்திருக்கும் வரை கிளச் விடுபட்டிருக்கும். பதற்றத்தில் காலை எடுக்க மறந்தால், இயந்திரத்தின் பிடி சில்லுக்குப் போகாது. வண்டி சும்மா உருண்டு வேகம் எடுக்கும். கட்டையை மிதித்தவுடன் காலை விட்டுவிட வேண்டும். இன்னொன்று, முன் பிரேக்கைப் பிடித்தால் மற்ற வண்டிகளின் மூக்குத் தாழும், சி 90இன் மூக்கு மேலே எழும்பும். பழகாதவருக்கு அது பிரேக் பிடிக்கவில்லை என்பது போலத் தெரியும். ஏற்றத்தில் அதன் குறை மூன்றே கியர் என்பது. முதலாவதில் கத்தும், இரண்டாவதில் மூச்சு வாங்கும். ஒஹிய ஸ்ரேசன் 1,700 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி யாழ்ப்பாணத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றையும் பெற்றோலையும் கலந்து விடும் காபரேற்றர் அதை அறியாமல் அதே அளவு பெற்றோலை விடுவதால், பலமும் குறைந்து பிளக்கும் கறுக்கும்.

ஸ்பிளெண்டருக்கு 97 சிசி, நாலு கியர். எங்கள் ஊரில் எந்தக் கராஜிலும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார்கள். ஏ9இல் நாள் முழுக்க ஓடச் சி 90ஐவிடச் சுகம். கல்லுப் பாதையில்தான் அது எனக்குப் பயம் தந்தது. மச்சானின் வண்டிக்கு முன்னுக்கும் பின்னுக்கும் டிரம் பிரேக். திரும்பி இறங்கும்போது நாலாவது வளைவில் எரிந்த நாற்றம் வந்தது. முன் பிரேக் லீவர் ஹாண்டிலைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டது. நிறுத்தி, ஒரு சொட்டுத் தண்ணீரை விரலால் டிரம்மில் தெறித்துப் பார்த்தேன், சீறிக்கொண்டு காய்ந்தது. கொழுந்து மூட்டையோடு வந்த தோட்டத்து ஐயா ஒருவர் நின்று பார்த்தார். "பிரேக்க புடிச்சுக்கிட்டே எறங்காதீங்க தம்பி, மொத கியர்ல விடுங்க, வண்டியே புடிச்சுக்கும்" என்றார். அரை மணித்தியாலம் ஆறவிட்டு, அவர் சொன்னபடியே இறங்கினோம். பிறகு பிரேக்கைத் தேவைக்கு மட்டும் தொட்டோம்.

செரோ இந்த வேலைக்கென்றே செய்தது. ஜப்பானில் 1985இல் வந்தது, பெயரே அங்கத்தைய மலையாட்டைப் போன்ற ஒரு விலங்கினுடையது. முன் சில்லு 21 அங்குலம், சி 90இன் 17 அங்குலச் சில்லு விழுந்து எழும்பும் பள்ளத்தை அது உருண்டு கடந்துவிடும். அடிப்பக்கம் கல்லில் இடிப்பது குறைவு. ஆறு கியர், முதலாவது மெதுவாக நடக்கிற வேகத்துக்கு இறங்கும். முன்னுக்கு டிஸ்க் பிரேக். ஆசனம் 81 சென்ரிமீற்றர் உயரம்தான், என்னைப் போன்ற கட்டையானவருக்கும் கால் எட்டும். இறக்கத்தில் இரண்டு விரலால் பிரேக்கைத் தொட்டுக்கொண்டு கீழே வந்தேன், கை நோகவில்லை.

அப்ப ஏன் எல்லாரும் அதை வாங்கவில்லை? விலைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய ஜப்பான் வண்டிகளின் விலை ஏறிப்போனது. உதிரிப்பாகமும் யாழ்ப்பாணத்தில் கேட்டவுடன் கிடைக்காது. வருடத்தில் ஒரு கிழமைக்காக அவ்வளவு காசைப் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. மாதம் ஒரு தரமாவது மலைக்குப் போகிறவர் என்றால், யோசிக்காமல் எடுங்கள்.

மற்றவர்களுக்கு, வீட்டில் நிற்கிற சி 90. சங்கிலி ஓடும் முன் பல்லுச் சில்லில் ஒரு பல்லைக் குறைத்துப் போடுங்கள், 14 என்றால் 13. இழுவையும் இயந்திரப் பிடியும் 8 வீதமளவு கூடும். பிரேக் சூ இரண்டும் புதிது. பின் ரயர் கட்டை தேயாததாக இருக்கட்டும். முதலில் மணற்காட்டு மணலில் ஒரு பின்னேரம் ஓடுங்கள், சில்லு தன்பாட்டில் அலைய விட்டு ஹாண்டிலை இறுக்காமல் பிடிக்க அங்கேயே பழகலாம். மச்சான் ஸ்பிளெண்டரிலேயே வருவேன் என்று நிற்கிறார். அவருக்கும் பல்லுச் சில்லை மாற்றியாயிற்று. இந்த முறை இறக்கத்தில் அவரை எனக்கு முன்னால் விட்டுப் பின்னால் வரப்போகிறேன், அந்த நாற்றம் முதலில் எனக்கு வரட்டும்.