செயின் சா பழுதுபார்ப்பு: கம்பெனி ஸ்பேரும் வெளி ஸ்பேரும்

சோழவந்தானுக்கு அருகே எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. அதோடு, கண்மாய்களிலும் தரிசுகளிலும் சீமைக் கருவேலம் வெட்டிக் கொடுக்கும் சிறு குழு ஒன்றையும் நடத்தி வருகிறேன். 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேல மரங்களை அகற்ற உத்தரவிட்ட சமயத்தில் இந்தப் பக்கம் செயின் சா (மரம் வெட்டும் இயந்திர ரம்பம்) வாங்கியவர்களில் நானும் ஒருவன். அன்று வாங்கிய 72 சிசி இயந்திரமும் பின்னர் சேர்ந்த 45 சிசி இயந்திரமும் இன்றும் ஓடுகின்றன. ஆனால் அவற்றின் உள்ளே இருப்பவற்றில் பாதி, வாங்கும்போது இருந்தவை அல்ல. மதுரை சிம்மக்கல் பக்கம் உள்ள ஒரு சிறிய பழுதுபார்ப்புக் கடையில் இவ்விரண்டுக்கும் பார்த்த வேலையையும், அங்கே மாட்டிய பாகங்களின் தரத்தையும் பற்றியது இந்த மதிப்பீடு.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. இயந்திரத்தைச் செய்த நிறுவனமே தன் பெயரில் தருவது கம்பெனி ஸ்பேர். வேறொரு தயாரிப்பாளர் தன் சொந்தப் பெயரில் செய்து விற்பது வெளி ஸ்பேர். கம்பெனியின் பெயரையும் பெட்டியையும் திருடி விற்பது போலி. நம் ஊரில் பின்னிரண்டையும் ‘டூப்ளிகேட்’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதால், நேர்மையான வெளித் தயாரிப்பாளருக்கும் கெட்ட பெயர் வந்துவிடுகிறது. நான் பேசப்போவது முதல் இரண்டைப் பற்றி மட்டுமே.

சென்ற ஆண்டு சித்திரையில், வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயில் வேலை நடந்துகொண்டிருந்தபோது பெரிய இயந்திரம் திடீரென நின்றது. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் கைக்கு எதிர்ப்பே தெரியவில்லை. கடையில் சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துவாரத்தின் வழியே பார்த்தபோது பிஸ்டனின் அந்தப் பக்கம் முழுவதும் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் இருந்தன. காற்று உள்ளே வரும் பக்கம் தேய்ந்திருந்தால் ஃபில்டரைத் தாண்டிப் புழுதி போயிருக்கிறது என்று கொள்ளலாம். புகை வெளியேறும் பக்கம் கீறியிருந்தால் சூடும் எண்ணெய்ப் பற்றாக்குறையும்தான் பெரும்பாலும் காரணம். ஒரு வாரமாகவே ஆக்சிலரேட்டரைத் தொடாமலே சுற்று ஏறி இறங்கிக்கொண்டிருந்ததையும், எங்கள் ஆள் கார்புரேட்டர் திருகைத் திருப்பித் திருப்பிச் சமாளித்து வந்ததையும் அப்போதுதான் எனக்குச் சொன்னார்கள்.

காரணம் சிறியது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. முந்தைய ஆண்டு வேறொரு கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கும் குறைவாக வாங்கி மாட்டிய வெளி ஸ்பேர் அது. இந்த இரு வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சினில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது என்பதால், வெடிப்பின் வழியே கூடுதல் காற்று நுழைந்து கலவை மெலியும்போது, சூடு ஏறுவதும் எண்ணெய் குறைவதும் ஒரே நேரத்தில் நடந்து, ஒரு பொழுதுக்குள் பிஸ்டனைச் சிலிண்டரோடு ஒட்ட வைத்துவிடும். மெக்கானிக் அந்தக் குழாயை என் கையில் கொடுத்துவிட்டு, “ரப்பர்ல மிச்சம் பிடிச்சா போர்ல கொடுக்கணும்ணே” என்றார். போர் என்று அவர் சொன்னது சிலிண்டரை.

அப்படியிருந்தும் அன்று எனக்கு அது முழுதாக விளங்கவில்லை. கம்பெனி சிலிண்டர், பிஸ்டன் செட்டுக்கு ஒரு விலையும், அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு வெளி செட்டும் சொன்னார். நான் வெளி செட்டையே கேட்டேன். இந்தச் சிலிண்டர்களின் உள்ளே இரும்பு உறை கிடையாது. அலுமினியத்தின் மேல், சிலிக்கன் கார்பைடு துகள்கள் கலந்த மெல்லிய நிக்கல் பூச்சுதான் தேய்மானத்தைத் தாங்குகிறது. ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967-இல், முதலில் வாங்கெல் வகைச் சுழல் எஞ்சினுக்காக, ‘நிக்கசில்’ என்ற பெயரில் கொண்டுவந்த முறை இது. மலிவான வெளி சிலிண்டர்களில் இந்தப் பூச்சு சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, துவாரங்களின் ஓரங்களைச் சாய்வாக மழுக்காமல் கூராகவே விட்டுவிடுகிறார்கள்; பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அந்த ஓரத்தில் சிக்கினால் உடைந்து சிதறும். எங்கள் மெக்கானிக் மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு துவாரத்தின் ஓரத்தையும் சிறு வைர அரத்தால் பொறுமையாக மழுக்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இந்த வேலையைச் செய்யாத கடையில் வெளி சிலிண்டர் மாட்டுவதைவிட, இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போடுவது மேல்.

ஆனாலும் அந்த செட் மூன்று மாதங்களே உழைத்தது. பழுதானது சிலிண்டர் அல்ல. பிஸ்டன் பின் நகராமல் பிடிக்கும் சர்க்ளிப் என்ற சிறு கம்பி வளையம். நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும் எஞ்சினில் அந்த வளையம் நொடிக்கு 200 முறை மேலும் கீழும் உதறப்படுகிறது. வெளி செட்டோடு வந்த வளையத்தின் நுனியில் பிடித்துக் கழற்ற வசதியாக ஒரு சிறு காது நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காது ஒடிந்து உள்ளே விழுந்து, சுவர் முழுவதையும் உழுதுவிட்டது. கம்பெனி வளையம் இரண்டும் சேர்ந்து ஒரு காலை டிபன் விலைதான். “பெட்டிக்குள்ளேயே இருக்கிறதே, எதற்குத் தனியாக?” என்று அதை வேண்டாம் என்றது நான், ஆகவே இதில் கடையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இரண்டாவது முறை, சாக்கில் கிடந்த பழைய கம்பெனி சிலிண்டரையே எடுத்தோம். பெரும்பாலான சமயங்களில் சிலிண்டர் கீறியதுபோலத் தெரிவது, உண்மையில் பிஸ்டனின் அலுமினியம் உருகிப் பூச்சின் மேல் அப்பியிருப்பதுதான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் தடவினால் அப்பிய அலுமினியம் நுரைத்துக் கரைந்துவிடும். நிக்கல் பூச்சு நிற்கும். பூச்சு ஏற்கெனவே போயிருந்தால் அமிலம் அடியிலுள்ள அலுமினியத்தையும் தின்னத் தொடங்கும், அப்போது சிலிண்டரை மறந்துவிட வேண்டும். எங்களுடையது தப்பியது. அதில் இத்தாலியத் தயாரிப்பான மீட்டியோர் பிஸ்டனையும் கம்பெனி சர்க்ளிப்பையும் போட்டோம். பழுதானபோது 95 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) காட்டிய அழுத்தமானி இப்போது 150 காட்டியது. ஆவணியிலிருந்து இன்றுவரை அந்த எஞ்சினை மீண்டும் திறக்கவில்லை. அந்தப் பிஸ்டனும் வெளி ஸ்பேர்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே என் கணக்கு, ஊர் வழக்கத்துக்கு நேர்மாறானது. விலை கூடிய பிஸ்டனில் பெயர் பெற்ற வெளித் தயாரிப்பை நம்பலாம். விலை குறைந்த ரப்பர்க் குழாய், ஆயில் சீல், சர்க்ளிப், பெட்ரோல் குழாய் ஆகியவற்றைக் கம்பெனி ஸ்பேராகவே வாங்க வேண்டும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய இரு வீச்சு இயந்திரங்களின் கையேடுகள் பல 10 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. எத்தனால் தரமற்ற ரப்பரை ஊறவைத்து, பிறகு காயும்போது வெடிக்க வைக்கிறது. வேலை முடிந்தால் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளதும் தீரும்வரை ஓட விட்டு வைப்பதை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம்.

சின்ன இயந்திரத்தில் கார்புரேட்டர் தகராறு. கம்பெனி கார்புரேட்டரின் விலை கேட்டு மலைத்து, வெளியே ஒன்று வாங்கினேன். ஸ்டார்ட் ஆகும், ஆனால் காலையில் வைத்த கலவை அளவு மதியச் சூட்டில் நிற்காது. கடைசியில் பழைய கார்புரேட்டரையே சுத்தம் செய்து, அதன் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வுகளின் தொகுப்பான டயஃப்ரம் கிட் மட்டும் மாற்றியதும் சரியாகிவிட்டது. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

மற்றவற்றில் பெரிய யோசனை தேவையில்லை. ஸ்டார்ட்டர் கயிறு, ஸ்பிரிங், மேல் மூடி, செயின் சுற்றி ஓடும் தகடான பார், செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் எல்லாம் வெளி ஸ்பேரே போதும். இரண்டு செயின் தேய்ந்ததும் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் புதுச் செயினை அது கெடுக்கும். செயினில் ஓரிகன் நிறுவனம் போன்று அதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஏர் ஃபில்டரை மட்டும் ஓரம் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், கண்மாய் வண்டல் மாவுபோல நுழையும். ஓடும் செயினைச் சட்டென நிறுத்தும் செயின் பிரேக் பட்டையில் கம்பெனி ஸ்பேர் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன். அது வெட்டுபவரின் உயிர் சம்பந்தப்பட்டது.

கடையைப் பற்றி: எஞ்சினை மூடிய பிறகு காற்றழுத்தமும் வெற்றிடமும் கொடுத்துக் கசிவு பார்க்கிறார்கள், இதைச் செய்யும் கடைகளை நான் அதிகம் கண்டதில்லை. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்காமலே பையில் போட்டுத் தருகிறார்கள். குறைகளும் உண்டு. நாள் சொன்னால் அந்த நாளில் தருவதில்லை. தேங்காய் வெட்டு நேரத்தில் இரண்டு வாரம்கூட இழுக்கிறது. ரசீதில் எது கம்பெனி, எது வெளி என்று எழுதித் தரும்படி நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனி சீலும் குழாயும் கையிருப்பில் இல்லாமல் பத்து நாள் காத்திருந்த அனுபவமும் எனக்கு உண்டு என்பதால், இரண்டு இயந்திரங்களுக்கும் அவற்றை முன்கூட்டியே வாங்கி, ஒரு டப்பாவில் போட்டு, வெயில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.