செட்டிநாட்டு வெயிலில் ஸ்பெக்ட்ரம் 48கே: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பழுது நீக்கிய இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே ஒன்றைக் காரைக்குடியில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 1982இல் சின்க்ளேர் நிறுவனம் வெளியிட்ட வீட்டுக் கணினி இது. இன்றும் நம்பி உட்காரலாம். ஆனால் நம் ஊர் வெப்பத்தையும் மின்சார ஏற்ற இறக்கத்தையும் அது தானாகத் தாங்கும் என்று விட்டுவிடக் கூடாது.

அம்மான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. இரண்டாம் கட்டு அறையில் டிரங்குப் பெட்டிக்குள் நெடுங்காலம் கிடந்தது. வெளியே எடுத்ததும், "போட்டுத்தான் பாரேன்" என்றார் ஆச்சி. முதலில் அடாப்டரை மட்டும் தனியாக அளந்தேன். 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், கணினியோடு இணைக்காதபோது 12 வோல்ட்டுக்கு மேல் காட்டுவது இயல்பே. முனையின் நடுப்பகுதி நெகட்டிவ் என்பதுதான் முக்கியம். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடுப்பகுதி பாசிட்டிவ். அதைச் செருகினால் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை பாழாகிவிடும்.

இணைத்தபோது திரை முழுவதும் நெடுங்கோடுகள். இதைப் பார்த்தவுடனே மெமரி ஐசிகளை (நினைவகச் சில்லுகளை) கழற்றத் தொடங்குபவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. மொத்தம் 48கே, அதாவது 48 கிலோபைட் நினைவகத்தில், கீழ் 16கே பகுதியில் உள்ள எட்டு 4116 ஐசிகளுக்கு மூன்று மின்னழுத்தங்கள் தேவை: 1ஆம் காலில் மைனஸ் 5, 8ஆம் காலில் 12, 9ஆம் காலில் 5 வோல்ட். என் கணினியில் மைனஸ் 5 வரவே இல்லை. டிஆர்4 என்ற டிரான்சிஸ்டர் போயிருந்தது. இந்த மாடலில் அடிக்கடி போவது அதுதான். மைனஸ் 5 இல்லாமல் 12 வோல்ட் மட்டும் ஏறினால் 4116 ஐசிகள் செத்துப்போகும். ஆகவே மின்னழுத்தத்தைச் சரிசெய்யாமல் புது ஐசி போட்டால் அதையும் இழப்போம். டிரான்சிஸ்டரை மாற்றிய பிறகு, தொட்டால் சுட்ட ஐசியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சாக்கெட் வைத்துப் புதியதைப் பொருத்தினேன். கணினி சரியாகத் தொடங்கியதற்கு அடையாளமாக, சின்க்ளேரின் 1982 பதிப்புரிமை வரி திரையின் அடியில் வந்து நின்றது.

அதன் பிறகான எல்லாத் தொல்லைக்கும் வேர் வெப்பம்தான். அடாப்டர் தருவதை 5 வோல்ட்டாக இறக்கும் 7805 ரெகுலேட்டர், அந்த 5 வோல்ட் போக மீதியை வெப்பமாகவே கழிக்கிறது. 9 வோல்ட் வந்தால் 4 வோல்ட் வீண். இரவில் மின்சாரம் உயர்ந்து அடாப்டர் 11 தந்தால் 6 வோல்ட் வீண், அதாவது ஒன்றரை மடங்கு வெப்பம். சித்திரை மாதத்தில் முகப்பில் வைத்து இயக்கியபோது கையை வைக்க முடியவில்லை. 7805க்குப் பதிலாக அதே மூன்று கால் இடத்தில் பொருந்தும், அவ்வளவு சூடாகாத ஸ்விட்சிங் ரெகுலேட்டரைப் போட்டேன். இதுவரை செய்த செலவுகளில் இதுவே தலைசிறந்தது. பழையதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் திருப்பிப் பொருத்தலாம்.

விசைகளுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தாள் காய்ந்து, பலகையில் செருகும் வால் பகுதியில் ஒடிந்துவிட்டது. ஒட்ட முயல வேண்டாம். புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள், அதை வாங்குவதே மேல்.

சென்ற ஐப்பசியில் மேல் 32கே பகுதியில் ஒரு ஐசி போயிற்று. இதைக் கண்டுபிடிப்பது கடினம். பதிப்புரிமை வரி வழக்கம்போலவே வரும், பெரிய விளையாட்டுகள் மட்டும் ஓடாது. நினைவகம் எதுவரை வேலை செய்கிறது என்று அறிய, இக்கணினியின் நிரல்மொழியான பேசிக்கில் "பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733" என்று கொடுத்தால் 65535 வர வேண்டும். எனக்கு 32767 வந்தது, அதாவது வெறும் 16கே. அங்கிருக்கும் 4532 ஐசி இப்போது அரிது. 4164 அதே இடத்தில் வேலை செய்கிறது.

கோடை விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பேசிக் எழுதிப் பார்க்கிறார்கள். பி விசையை ஒருமுறை அழுத்தினால் பிரிண்ட் என்ற முழுச்சொல்லும் விழுவது அவர்களுக்குப் பெரும் வியப்பு. எனக்கும்தான்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூணுக்கும் எனாமல் தூக்குக்கும் மதிப்பு உண்டு. இத்தகைய பழைய கணினிகளையோ எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் ஒன்று இருந்தால் விற்றுவிடாதீர்கள். ஒரு மல்டிமீட்டர் வாங்கி, அடாப்டரிலிருந்து தொடங்குங்கள்.