கிணற்று நீரா, குளங்களா? ஓர் ஆய்வுத் தலைப்புத் தெரிவு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் மாணவி ஒருவர், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணற்று நீரில் நைத்திரேற்று என்ற நைதரசன் சேர்வையின் அளவை ஆராய்வதா, யாழ் நகரக் குளங்கள் தூர்ந்துபோனதை ஆராய்வதா என்று தடுமாறுகிறார். முன்னையது கனதியான தலைப்பு: செம்மண் தோட்டங்களுக்கு இடும் உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் சுண்ணக்கல் வெடிப்புகளூடாக நிலத்தடி நீரை அடைகின்றன, ஒப்பிட்டுப் பார்க்க லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் உண்டு. ஆனால் மாரி மழைக்கு முன்னும் பின்னும் அதே கிணறுகளில் மாதிரி எடுக்காவிட்டால் முடிவு நிற்காது. ஆய்வுகூடச் செலவு வேறு. குளங்களுக்கோ பழைய நில அளவைப் படமும் செய்மதிப் படமும் ஒரு சைக்கிளும் போதும். நைத்திரேற்றைப் பலர் ஏற்கெனவே ஆராய்ந்துவிட்டதால், காலம் குறுகியவருக்குக் குளங்களையே பரிந்துரைப்பேன். நகரில் பலரும் அறிந்த ஆரியகுளத்தோடு நின்றுவிடாமல், ஒழுங்கைகளுக்குள் ஒடுங்கிப்போன சிறு குளங்களையும் அவர் தேட வேண்டும்.