32 டிகிரியை மட்டும் பார்த்து பாலிமர் எடுக்காதீர்கள்

வெப்பநிலைக்கு ஏற்ப நடத்தை மாறும் பாலிமர்கள் (சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பெரிய மூலக்கூறுகள்) என்றாலே பேச்சு 32 டிகிரி செல்சியஸில்தான் தொடங்கும். பிநிபாம் எனப்படும் பாலி என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு என்ற பாலிமர், நீரில் கரைந்த நிலையிலிருந்து கலங்கிப்போகும் சூடு அது. ஹெஸ்கின்ஸ், கில்லெட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1968இல் இதை விவரித்தார்கள். பிறகு வந்த எல்லாவற்றையும் இதன் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. என்னைக் கேட்டால், எத்தனை டிகிரியில் கலங்குகிறது என்பது இரண்டாவது கேள்வி. குளிரவைத்தால் எவ்வளவு ஒழுங்காகத் திரும்பக் கரைகிறது என்பதே முதல் கேள்வி.

பிநிபாம் கரைசல் உள்ள குப்பியை மெதுவாகச் சூடாக்கிப் பாருங்கள். 30 டிகிரி வரை வெறும் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். அடுத்த ஓரிரு டிகிரிக்குள் பால் போல வெளுத்துவிடும். குளிரில், பாலிமர் சங்கிலியில் உள்ள அமைடு தொகுதிகள் (நைட்ரஜன் உள்ள அணுக்கூட்டங்கள்) நீருடன் ஹைட்ரஜன் பிணைப்பு, அதாவது ஹைட்ரஜன் வழியான மெல்லிய பிடிப்பு, போட்டுக்கொள்கின்றன. நீரை விரும்பாத ஐசோபுரொப்பைல் பகுதிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றன. சூடு ஏற ஏற, அந்த ஒழுங்கைக் காப்பாற்றுவதற்கான என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) விலை கூடுகிறது. ஒரு கட்டத்தில் நீர் கழன்றுகொள்ள, விரிந்திருந்த சங்கிலி சுருண்டு உருண்டையாகி, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன.

சரி, குளிரவைத்தால்? திரும்பக் கரையும், ஆனால் கொஞ்சம் தாமதமாக. சுருண்ட நிலையில் அமைடு தொகுதிகள் தங்களுக்குள்ளேயே பிணைப்பு போட்டுவிடுகின்றன. அவை அவிழ வேண்டும். அதனால் கலங்கிய வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே போன பிறகுதான் கரைசல் தெளியும்.

இந்த இடத்தில்தான் ஆலிகோ எத்திலீன் கிளைக்கால் மெத்தக்ரிலேட் வகைப் பாலிமர்கள் முந்துகின்றன. அமைடு போல, பிணைப்புக்கு ஹைட்ரஜன் தரும் தொகுதி இவற்றின் அமைப்பில் இல்லை. ஆகவே கலங்கலை அளந்து வரைந்தால், சூடாக்கும்போது வரும் வரைகோடும் குளிரவைக்கும்போது வருவதும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. சங்கிலியைக் கட்டும் சிறு மூலக்கூறான மோனோமரில் பக்கவாட்டுக் கிளை குட்டையாகவோ நீளமாகவோ இருக்கலாம். குட்டைக் கிளை மோனோமர் மட்டும் என்றால் கலங்குவது சுமார் 26 டிகிரியில், நீளக் கிளை மோனோமர் மட்டும் என்றால் சுமார் 90இல். இரண்டையும் கலக்கும் விகிதத்தைப் பொறுத்து இடையில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். லுட்ஸ் என்ற வேதியியலாளரின் குழுவினர் 2006இல் நீளக் கிளையை 5 சதவீதம் சேர்த்து, பிநிபாமின் அதே 32ஐத் தொட்டுக் காட்டினார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

அதற்காக பிநிபாமை ஓரங்கட்ட முடியாது. சங்கிலி நீளம் மாறினாலும் அதன் கலங்கும் வெப்பநிலை பெரிதாக அசையாது. இதே வகையைச் சேர்ந்த இன்னொரு பாலிமரான பாலி வினைல் கேப்ரோலாக்டத்தில் அசையும், ஆகவே அங்கே ஒவ்வொரு தயாரிப்பையும் தனியாக அளக்க வேண்டும். அப்புறம், செல் வளர்ப்புத் தட்டில் பிநிபாமுக்கு இருக்கும் அனுபவம் மற்றவற்றுக்கு இல்லை. டோக்கியோவில் ஒக்கானோ என்ற ஆய்வாளரின் குழு 1990களிலிருந்து வளர்த்த முறை அது: தட்டில் பிநிபாம் பூசி, அதன்மேல் செல்களை வளர்ப்பார்கள்; தட்டைக் குளிரவைத்தால் மேற்பரப்பு நீரை உறிஞ்சி, நொதி எதுவும் சேர்க்காமலே செல்கள் முழு விரிப்பாகக் கழன்று வரும்.

வெப்பநிலை எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாற வைக்கும் பாலிமர் பாலி ஐசோபுரொப்பைல் ஆக்சசோலின். கலங்குவது சுமார் 36 டிகிரியில், உடல் சூட்டுக்குப் பக்கம். காகிதத்தில் பார்த்தால் அருமை. ஆனால் கலங்கிய நிலையில் பல மணி நேரம் சூட்டிலேயே விட்டால் படிகமாகிவிடும். அதன் பிறகு குளிரவைத்தாலும் கரையாது.

பொலாக்சமர் 407 என்ற பாலிமர் வேறு ரகம். சூடாக்கினால் அது வீழ்படிவதில்லை, மைசெல்கள் (மூலக்கூறுகள் கூடி உருவாகும் நுண் உருண்டைகள்) நெருக்கியடித்து அடுக்கி ஜெல் ஆகிறது. 20 சதவீதம் அளவுக்கு அடர்த்தி வேண்டும். உடலுக்குள் திரவம் கலந்து நீர்த்தால் ஜெல் கரைந்து போய்விடும், எனவே நீண்டகால மருந்து வெளியீட்டுக்கு இதை நான் எடுக்கமாட்டேன். கரைக்கும்போது குளிர்ந்த நீரில் தூவி, குளிர்பெட்டியில் ஓர் இரவு விடுங்கள். அறைச் சூட்டில் அவசரப்பட்டால் கட்டிகளோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

மீதைல் செல்லுலோஸும் சூட்டில் ஜெல் ஆகும், ஆனால் அதைக் கரைக்கும் முறை இதற்குத் தலைகீழ். பொடியை நேராகக் குளிர்ந்த நீரில் போட்டால், வெளிப்புறம் மட்டும் ஊறி உள்ளே உலர்ந்த பொடியை மூடிக்கொள்ளும். முதலில் வெந்நீரில் பரப்ப வேண்டும். அதில் அது கரையாது, அதனால் ஒட்டவும் செய்யாது. பிறகு கிளறிக்கொண்டே குளிரவைத்தால் கரைந்துவிடும். ஜெல் ஆவது 50 முதல் 60 டிகிரியில், இளகுவதோ அதைவிடப் பல டிகிரி கீழே. திரும்பும் வழியில் இந்தக் கூட்டத்திலேயே சோம்பேறி இதுதான். ஆனாலும் உணவில் சேர்க்கலாம், எளிதில் கிடைக்கிறது. சூட்டில் கெட்டியானால் போதும் என்பவர்கள் வேறு எதையும் தேட வேண்டாம்.